லேடியின் சொந்தக்காரர்

முருகன் துணை
மூங்கில்மேட்டுத் தோட்டம், மேற்கணக்கு, றக்வான
12.01.2003

அன்பு மருமகன் நிரோஷனுக்கு மாமா நல்லையா எழுதுவது. இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் மழைக்கு முனகுகிறது. உன் உடம்பு எப்படி? குருநாகல் வெயில் ஒத்துக்கொள்கிறதா?

ஒரு சேதி. நம்ம துரை மாற்றலாகிக் கொழும்புக்குப் போய்விட்டார். சாமான் லொறி பங்களா வாசலில் நின்றபோது என்னைக் கூப்பிட்டு, லேடியை நீயே வைத்துக்கொள் நல்லையா, மாடி வீட்டில் அது செத்துப்போகும் என்றார். லேடியை உனக்குத் தெரியும். பங்களா அல்சேஷன் பெட்டை. குட்டியாக இருந்தபோது நீ வாயைத் திறந்து பல் பார்த்தாய், அது உன் விரலைக் கடித்தது. இப்போது ரெண்டு வயசு நடக்கிறது. என் ஒற்றை அறைக் காம்பராவில்தான் படுக்கிறது. உன் அம்மா, என் கூடப்பிறந்தவள், காலமானபிறகு இந்தக் காம்பராவில் மூச்சுச் சத்தம் இப்போதுதான் ரெண்டாயிருக்கிறது.

பக்கத்துத் தோட்டத்துப் பங்களாவில் நல்ல ஆண் நாய் நிற்கிறது. குட்டி எடுக்கலாமா? இப்போதே நாலு பேர் கேட்டுவிட்டார்கள். செய்வதானால் சட்டப்படி, முறைப்படி செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். நீ நாய்ப் பண்ணையில் இருக்கிறாய், அதற்கென்றே படித்தவன். என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுது. கடிதத்தை வழக்கம்போல மீராசாஹிப் முதலாளி கடை விலாசத்துக்குப் போடு. தோட்டத்துத் தபால் பிந்துகிறது.

வேளைக்குச் சாப்பிடு.
மாமா நல்லையா


குருநாகல்
25.01.2003

மாமாவுக்கு வணக்கம். நான் நலம். முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருக்காமல் டிஸ்பென்சரிக்குப் போங்கள். ஐந்து மணிக்குத் தபால் போய்விடும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

முதலாவது, பதிவு. நாயைப் பிரதேச சபையில் பதிய வேண்டும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். சொந்தக்காரர் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் கேட்பார்கள். ஒரு தகரத் தகடு தருவார்கள், அது கழுத்துப் பட்டியில் தொங்க வேண்டும். அடுத்தது விசர்நாய்த் தடுப்பூசி. ஊசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள். சட்டம் கேட்பது இந்த இரண்டைத்தான். இந்த இரண்டும் இல்லாமல் குட்டி எடுத்து விற்கிறவன் என் கணக்கில் வளர்ப்பாளன் இல்லை, வியாபாரி.

மற்றதெல்லாம் இந்த நாட்டில் சட்டத்தில் இல்லை. இருக்க வேண்டும். எங்கள் பண்ணையில் அதை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். முதல் பருவத்தில் சேர்க்கக்கூடாது. லேடிக்கு ரெண்டு வயசு என்றால் சரி. அந்த ஆண் நாய் இதற்கு அண்ணனோ அப்பனோ இல்லை என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். பங்களாக்காரர்கள் ஒரே தாயின் குட்டிகளைத்தான் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள், கேட்டு விசாரியுங்கள். ஆண் நாய் பின்னங்காலை இழுத்து நடக்கிறதா என்றும் பாருங்கள். இழுத்தால் வேண்டாம், அது குட்டிக்கும் வரும். சேர்க்கிறதற்கு முன்னால் பூச்சி மருந்து. ஒரு ஈற்றுக்குப் பிறகு ஒரு பருவம் ஓய்வு. எட்டு வாரத்துக்கு முன்னால் ஒரு குட்டியும் தாயை விட்டுப் போகக்கூடாது, துரையே வந்து கேட்டாலும். வாங்குகிறவர் கையில் தாய், தகப்பன், பிறந்த நாள், பிறந்த இடம், ஊசி எல்லாம் எழுதின தாள் போக வேண்டும். வெற்றுத் தாள் எட்டு இதோடு இருக்கிறது.

எதையும் பிந்தாமல் செய்யுங்கள். இந்தியாவுக்குக் கப்பலேறப் போகிற ரயிலையே தவறவிட்டவர் நீங்கள். அம்மா அந்தக் கதையைச் சொல்லாத தீபாவளி கிடையாது.

நிரோஷன்


றக்வான
20.02.2003

அன்பு மருமகனுக்கு. கடிதம் கண்டு சந்தோஷம். நான் நலம், டிஸ்பென்சரிக்கும் போனேன், அங்கேயும் எண்ணெய்தான் தந்தார்கள்.

நீ எழுதினதைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கால்நடை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டாயிற்று. அங்கே இருக்கிற டொக்டர் நோனா, சிங்கள அம்மா, உன் கடிதத்தைக் கேட்டு வாங்கி, தமிழ் எழுத்துத் தெரியாததால் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். எழுதினவன் யார் என்றார். மருமகன் என்றேன். கெட்டிக்காரன், ஆனால் கோபக்காரனோ என்றார். இல்லை, அவசரக்காரன் என்றேன். பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. ஆண் நாய் நுவரெலியாவிலிருந்து வந்ததாம், சொந்தம் கிடையாது. நாலு தடவை நடக்கவிட்டுப் பார்த்தேன், கால் இழுக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சேர்த்தோம்.

லயத்தில் வீட்டுக்கு வீடு கேலி செய்கிறார்கள். நாய்க்குப் பால் வாங்கிக்கொண்டு போனால் பக்கத்துக் காம்பராப் பிரேமலதா அவள் வாசலில் நின்று, "நல்லையாண்ணே வூட்டுல கல்யாணமாம், சம்பந்தி பங்களாக்காரனாம், எங்களுக்குப் பத்திரிகை வைக்கலியே" என்கிறாள்.

உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நீ படித்த படிப்பு இந்த லயத்துக்கே வந்த மாதிரி இருக்கிறது. இருமல் இருந்தால் கொத்தமல்லி போட்டுக் குடி.

மாமா


குருநாகல்
03.03.2003

மாமாவுக்கு. நலம். இருமல் இல்லை.

ஊசி சரி. மருந்து சரி. ஆண் நாய் சரி. பதிவு எங்கே? நான் முதலாவதாக எழுதினது அது. ரெண்டு பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் எழுதிவிட்டு அந்த ஒன்றை மட்டும் விட்டிருக்கிறீர்கள்.

தெளிவாகச் சொல்கிறேன். பதிவு இல்லாத நாய் சட்டத்தின் கண்ணில் யாருக்கும் சொந்தமில்லாத நாய். எத்தனை வருஷம் ஒரே இடத்தில் கிடந்தாலும் அது தெரு நாய்தான். வண்டி வந்து ஏற்றினால் கேட்க ஆள் கிடையாது.

இன்னொன்று. சுலபம் என்று யாராவது பழக்கமான ஆள் பெயரில் பதிந்துவிடாதீர்கள். சோறு போடுகிறவர் யாரோ அவர் பெயர்தான் தாளில் இருக்க வேண்டும். எங்கள் பண்ணைக்கு அப்படிப் பொய்ப் பெயரில் வந்த நாய்களால் பட்ட பாடு போதும். பொய்ப் பெயரில் பதிந்த தாயின் குட்டிக்கு நான் தந்த தாளை எழுதக்கூடாது.

இதற்கு ஒரு காலை நேரம் போதும். பஸ் ஏறிப் போய்விட்டு மத்தியானம் திரும்பலாம். நீங்கள் பஸ் ஏறமாட்டீர்கள் என்பதும் தெரியும். 2000இல் எனக்குச் சான்றிதழ் தந்த நாளுக்கு வரச்சொல்லி மூன்று கடிதம் போட்டேன். பங்களா நாய்களை யார் பார்ப்பது என்று எழுதினீர்கள். மற்றப் பையன்களுக்குக் குடும்பமே வந்திருந்தது. இப்போது லேடிக்காகவாவது ஏறுங்கள்.

நிரோஷன்


றக்வான
29.04.2003

அன்பு மருமகனுக்கு. சுகம். பதில் பிந்திவிட்டது, மன்னித்துக்கொள்.

சித்திரை ஏழாம் நாள், ஏப்ரல் இருபது, லேடி குட்டி போட்டது. ஆறு. ஒன்று மூச்சு விடவில்லை, கறுப்பு ஆண். தேயிலைக்குக் கீழே புதைத்தேன். மற்ற ஐந்தும் நல்ல சுகம். ரெண்டு ஆண், மூன்று பெண். டொக்டர் நோனா சொன்னபடி தினமும் நிறுக்கிறேன். மீராசாஹிப் முதலாளி கடைத் தராசை இரவல் தந்தார், அவர் நாயைத் தொடுகிறதில்லை, தராசுத் தட்டைக் கழுவித் தரச் சொன்னார். தாள் ஐந்தும் நிரப்பிவிட்டேன். தாய் லேடி, தகப்பன் ரெக்ஸ். பிறந்த இடம் மூங்கில்மேடு மேற்கணக்கு ஆறாம் லயம். சொந்தக்காரர் என்கிற கட்டம் மட்டும் மிச்சம்.

இங்கே ஒரு தொல்லை. தோட்டத்தின் கீழ்கணக்குப் பிரிவில் விசர் நாய் ஒன்று மூன்று பேரைக் கடித்துவிட்டது. புதுத் துரை காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டில் வைத்துச் சொன்னார், ஜூன் பதினைந்துக்குப் பிறகு தகடு இல்லாத நாய் லயத்தில் நின்றால் பிரதேச சபை வண்டி ஏற்றிக்கொண்டு போகுமாம். அவர் சொன்னதில் தப்பில்லை. கடிபட்டதில் ஒன்று சின்னப் பிள்ளை.

நீ கேட்டது மனதில் இருக்கிறது. ஒரு விவரம் தெரிய வேண்டும். அந்தப் பதிவுத் தாளில் அடையாள அட்டை இலக்கம் என்கிற கட்டத்தை வெறுமனே விட்டால் எடுப்பார்களா? சும்மா கேட்கிறேன்.

நீ மெலிந்திருப்பாய் என்று நினைக்கிறேன்.
மாமா


குருநாகல்
08.05.2003

மாமாவுக்கு. ஐந்து குட்டி என்று கேட்டு சந்தோஷம். முதல் ஈற்றுக்கு நல்ல எண்ணிக்கை.

வெறுமனே விட முடியாது. எடுக்கமாட்டார்கள். ஏன் விடவேண்டும்? பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்து, இலக்கத்தைப் பார்த்து எழுத ஐந்து நிமிஷம். ஜூன் பதினைந்து என்று தேதியும் வந்துவிட்டது. அன்றைக்குக் குட்டிகளுக்குச் சரியாக எட்டு வாரம். தாயை வண்டியில் ஏற்றிவிட்டு என்னிடம் அழுது கடிதம் எழுதினால் நான் என்ன செய்வது? உங்களுக்கு அந்த நாய் வேண்டுமா, வேண்டாமா?

அடுத்த கடிதத்தில் தகட்டின் இலக்கம் இருக்க வேண்டும். வேறு ஒன்றும் எழுதவேண்டாம்.

நிரோஷன்


குருநாகல்
02.06.2003

மாமா,

வெள்ளத்துக்குப் பிறகு இது மூன்றாவது கடிதம். மே பதினேழாம் தேதி வெள்ளம் என்று றேடியோவில் சொன்னதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரத்தினபுரி தண்ணீருக்குள் என்றார்கள், றக்வானப் பக்கம் மலை சரிந்தது என்றார்கள், எந்தத் தோட்டம் என்று சொல்லவில்லை. லீவு கேட்டேன். பாதை இல்லை, போய் எங்கே நிற்பாய் என்கிறார்கள்.

ஆறாம் லயத்துக்குப் பின்னால் இருக்கிற அந்த மண் மேட்டைப் பற்றி எனக்குத் தெரியும். சின்ன வயதில் அங்கேதான் சறுக்கி விளையாடினேன்.

பதிவு கிடக்கட்டும். சுகம் என்று ஒரு வரி போடுங்கள். யாரையாவது எழுதச் சொல்லியாவது போடுங்கள்.

நிரோஷன்


மீராசாஹிப் ஸ்டோர்ஸ், றக்வான
17.06.2003

அன்புள்ள தம்பி நிரோஷனுக்கு, கடைக்கார மீராசாஹிப் எழுதுவது. அல்லாஹ் காவலால் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் மாமாவும் சுகம், லேடியும் சுகம், குட்டிகளும் சுகம். இதை முதலில் எழுதிவிட்டேன், இனி ஆறுதலாக வாசியுங்கள்.

வெள்ளத்தில் தோட்டத்துக்குப் பெரிய சேதமில்லை. தபால் பத்து நாள் நின்றது, பிறகு ஓடுகிறது. உங்கள் கடிதம் மூன்றும் நான்தான் மாமாவின் கையில் கொடுத்தேன். மூன்றையும் வாசித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பதில் எழுதினாரா என்று கேட்டால் வெள்ளம் என்கிறார். வெள்ளம் வடிந்து ரெண்டு வாரம்.

தம்பி, உங்கள் மாமாவிடம் அடையாள அட்டை கிடையாது. ஒருநாளும் இருந்ததில்லை. இந்தப் பஸாரில் இது தெரிந்தது எனக்கும், மௌத்தாய்ப்போன என் வாப்பாவுக்கும், உங்கள் அம்மாவுக்கும்தான். எண்பத்திரண்டில், தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பின ஒப்பந்தப்படி, உங்கள் தாத்தா, பாட்டி, பெரிய மாமா எல்லோருக்கும் இந்தியப் பாஸ்போட் வந்தது. நல்லையாவுக்கும் வந்தது. உங்கள் அப்பாவுக்கு மட்டும் இலங்கைப் பிரஜாவுரிமை, அதனால் நீங்களும் அம்மாவும் இங்கே. உங்கள் அப்பா மரம் விழுந்து காலமாகி அப்போது நாற்பது நாள்கூட இல்லை. கொழும்புக் கோட்டை ஸ்டேஷன் வரைக்கும் எல்லோரும் போனார்கள். திரும்பி வந்தது நீங்களும் அம்மாவும் மாமாவும், மூன்று பேர். ரயிலைத் தவறவிட்டேன் என்று மாமா சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பாஸ்போட்டும் காலாவதி. அங்கேயும் ஆளில்லை, இங்கேயும் ஆளில்லை. அட்டை கேட்கிற சோதனைச் சாவடி இருந்த காலமெல்லாம் பெல்மதுளைக்கு அப்பால் அவர் போனதே கிடையாது.

பதினான்காம் தேதி சனிக்கிழமை, முந்தின நாள் வரைக்கும் பேசாதவர், காலையில் லேடியைக் கயிற்றில் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். மறுநாள் தவணை முடிகிறது. "மொதலாளி, இத எங்கயாவது தூரத் தோட்டத்துக்கு அனுப்பிரலாமா? யாராச்சும் கேட்டாங்களா?" என்றார். என் பெயரில் பதியலாமே அண்ணே என்றேன். உங்கள் மார்ச் கடிதத்தை எடுத்துக் காட்டினார். "புள்ள வேற ஆள் பேர்ல போடக்கூடாதுன்னு எழுதிட்டான். அவன் சொன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். பொய்த் தாளு குடுத்தா அவன் படிப்புக்கு மரியாத இல்ல" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் மேல் இல்லை, பொதுவாக. கடையைப் பூட்டினேன். பிரதேச சபைக் கிளார்க் ஐயா பஸாருக்குப் பின்னால்தான் இருக்கிறார், தவணைக்காக அன்றைக்கும் அலுவலகம் திறந்திருந்தது. என் பெயரை எழுதும்போது, உங்களுக்கும் நாயா முதலாளி என்று சிரித்தார். காவலுக்கு என்றேன். காவலுக்கு வைப்பதில் எங்கள் மார்க்கத்திலும் தடையில்லை. பஸாரில் இப்போது என்னைக் கண்டால் குரைத்துக் காட்டுகிறார்கள். என் மனைவி றஹீமா ஒரு வார்த்தைதான் கேட்டாள், "அது நம்ம வீட்டுக்கு வருமா?" வராது என்றேன். அதோடு முடிந்தது.

தகட்டு இலக்கம் 214. நீங்கள் கேட்டிருந்தீர்களாமே.

இதை எழுதச் சொல்லி அவர் கேட்கவில்லை. எழுதினேன் என்று தெரிந்தால் கோபிப்பார். அது என் பாடு.

இப்படிக்கு
மீராசாஹிப்


குருநாகல்
01.07.2003

மாமாவுக்கு,

முதலாளியின் கடிதம் வந்தது. அவரைக் கோபிக்காதீர்கள். அவருக்குத் தனியாக நன்றி எழுதியிருக்கிறேன். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். எனக்கு அது எழுத வராது, உங்களுக்குத் தெரியும்.

என் பழைய கடிதங்களை வைத்திருக்கிறீர்கள். மார்ச் கடிதத்தைத் தயவுசெய்து கிழித்துவிடுங்கள். விதியில் பிழையில்லை. ஆளைக் கேட்காமல் விதி சொன்னவனிடம்தான் பிழை. தாள் இல்லாததைப் பற்றி நான் அதில் எழுதின வரிகள் நாய்க்கு எழுதினது. நீங்கள் அதை எப்படி வாசித்திருப்பீர்கள் என்று நினைத்தால் என்னால் சாப்பிட முடியவில்லை.

பஸ் ஏறாததற்கு மூன்று வருஷம் உங்கள்மேல் வன்மம் வைத்திருந்தேன். அம்மா அந்த ரயில் கதையைச் சொல்லும்போது எப்போதும் ஏன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். நான் மட்டும்தான் சிரித்திருக்கிறேன்.

எனக்குப் பள்ளிக்கூடம், டிப்ளோமா, வேலை, கையில் ஒரு அடையாள அட்டை, எல்லாம் இருக்கிறது. அது எங்கேயிருந்து வந்தது என்று இருபத்தைந்து வயதில் கடைக்காரர் எழுதித் தெரிந்துகொள்கிறேன். நன்றி மாமா. வேறு சொல் கிடைக்கவில்லை.

தீபாவளிக்கு வருகிறேன். குட்டிகள் போயாயிற்றா? லேடிக்கு அடுத்த பருவம் ஓய்வு, மறக்கவேண்டாம்.

நிரோஷன்


றக்வான
14.07.2003

அன்பு மருமகனுக்கு. சுகம். முழங்காலும் சுகம்.

குட்டிகள் பத்து வாரத்தில்தான் போயின, எட்டு வாரத்தில் எனக்கு மனம் வரவில்லை. வாங்கின ஐந்து பேரையும் முதலில் போய்ப் பதிந்துவிட்டு வரச்சொன்னேன். டொக்டர் நோனா ஒன்றை எடுத்தார். நீ தந்த தாளைப் பார்த்துவிட்டு, கொழும்பிலும் இப்படிக் கொடுக்கிறதில்லை என்றார். மீராசாஹிப் முதலாளி இப்போது பிஸ்கட் உடைந்தால் லேடிக்கு என்று எடுத்து வைக்கிறார். தொடுகிறதில்லை, தூரத்திலிருந்து எறிகிறார், அது பந்து மாதிரிப் பிடிக்கிறது.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. சுவரில் இருக்கிறது. நாய்க்கு எழுதினதை நாய்க்கு என்றுதான் வாசித்தேன்.

ரயில் சரியான நேரத்துக்குத்தான் வந்தது. நீ என் இடுப்புச் சாரத்து முனையைக் கையில் சுற்றிக்கொண்டு பெஞ்சில் தூங்கிவிட்டாய். அதற்குமேல் அதில் எழுத ஒன்றுமில்லை.

தீபாவளிக்கு வா. லேடி இந்தத் தடவை கடிக்காது.
மாமா


குருநாகல்
20.11.2003

மாமாவுக்கு வணக்கம். நலமாக வந்து சேர்ந்தேன், எழுதத்தான் பிந்திவிட்டது. நீங்கள் கட்டித்தந்த முறுக்கு பஸ்ஸிலேயே தீர்ந்துவிட்டது.

தீபாவளிக்குப் பேசிக்கொண்டிருந்தோமே, அந்தச் சட்டம் வந்தே விட்டது. இந்திய வம்சாவளி ஆட்களுக்குப் பிரஜாவுரிமை. பாஸ்போட் எடுத்தும் போகாமல் இங்கேயே இருந்துவிட்டவர்களும் கையெழுத்திட்டு ஒரு பிரகடனம் கொடுக்கலாம். பழைய பாஸ்போட், உங்கள் பெயர் உள்ள தோட்டத்துச் செக்றோல் பதிவேட்டின் பிரதி, கிராம சேவகர் கடிதம் எல்லாம் சேர்த்து வையுங்கள். அதிகாரிகள் தோட்டத்துக்கே வந்து எழுதிக்கொள்வார்களாம், அன்று பெரட்டுக் களத்தில் முதல் ஆளாக நில்லுங்கள்.

தாளை முழுதாக வாசியுங்கள். முதல் கேள்வியை விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் பதில் எழுதுகிற பழக்கத்தை இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள்.

நிரோஷன்


முருகன் துணை
றக்வான
09.08.2004

அன்பு மருமகன் நிரோஷனுக்கு. நான் சுகம், லேடி சுகம். பிரேமலதா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

போன செவ்வாய்க்கிழமை அடையாள அட்டை வந்தது. புதன்கிழமை லேடியைக் கூட்டிக்கொண்டு மீராசாஹிப் முதலாளியோடு பிரதேச சபைக்குப் போனேன், பெயர் மாற்ற. கிளார்க் ஐயா தகட்டைப் பார்த்தார், ஊசி அட்டையைப் பார்த்தார். சொந்தக்காரர் யார் என்று சிங்களத்தில் கேட்டார். மம, நான் என்றேன். இலக்கத்தைக் கேட்டார். பாராமல் சொன்னேன், ஒரு இரவில் பாடமாகிவிட்டது. எழுதிக்கொண்டு, "ஹரி, யன்ன", சரி, போங்கள் என்றார்.

நான் நகரவில்லை. அட்டையை அவர் மேசையில் வைத்து, "மாத்தியா, கார்டக் கொஞ்சம் பாருங்க" என்றேன். எழுதியாயிற்றே, தேவையில்லை என்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. முதலாளிதான், "பாத்துருங்க மாத்தியா, அவரு அம்பத்தொரு வயசுல காட்டுறாரு" என்றார். அவர் எடுத்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், படத்தையும் என் முகத்தையும் பார்த்தார். பிறகு ரெண்டு கையாலும் திருப்பித் தந்தார்.

வெளியே வந்ததும் முதலாளி, "இனி என்னய யாரும் நாய்க்காரன்னு சொல்ல ஏலாது" என்றார். முகத்தைப் பார்த்தால் சந்தோஷமாகத் தெரியவில்லை. தகட்டின் பழைய சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த ஐந்து தாளில் சொந்தக்காரர் கட்டம் போன வருஷம் முதலாளி பெயரில் போனது. டொக்டர் நோனா அவருடைய தாளைக் கொண்டுவந்து, திருத்தித் தாருங்கள் என்றார். திருத்தினேன். எழுத்து கொஞ்சம் கோணல். நீ பார்த்தால் குறை சொல்வாய்.

வருகிற சனிக்கிழமை உன்னிடம் வருகிறேன். உன் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாயாமே, அதைப் பார்க்க வேண்டும். லேடியை முதலாளி பார்த்துக்கொள்வார். தொடமாட்டார், தட்டைக் குச்சியால் தள்ளிவிடுவார். காலை ஐந்தரைக்கு றக்வானையில் பஸ், பெல்மதுளையில் மாறி, இரத்தினபுரியில் மாறி, மத்தியானத்துக்குள் குருநாகல்.

நேரத்துக்கு வந்துவிடுவேன். நீ ஸ்டாண்டில் நில்.

மாமா நல்லையா